ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன ஓர் எண்

6746328388800.

நம் வழக்கில் காற்புள்ளி போட்டு எழுதினால் 67,46,32,83,88,800. வாயால் சொல்வதென்றால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. ஒரு மூச்சில் சொல்ல முடிந்தவர்களுக்குப் பாராட்டுகள்.

ராமானுஜன் என்றாலே எல்லோருக்கும் 1729 ஞாபகம் வரும். டாக்ஸி, ஆஸ்பத்திரிக் கட்டில், ஹார்டி. அந்தக் கதையை எல்லோரும் எழுதியாயிற்று. நான் வேறு எழுத வேண்டியதில்லை. அந்த டாக்ஸி எண் போகிறபோக்கில் வந்தது. மேலே சொன்ன பதின்மூன்று இலக்க எண்ணோ, அவர் கேம்பிரிட்ஜில் முதல் இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்த வேலையின் கடைசி வரியில் வருவது. அவருடைய வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டத்தை வாங்கித் தந்த கட்டுரை அது. இத்தனைக்கும் அதைப் பற்றி நம்மூரில் அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள். 6க்கு 1, 2, 3, 6 என்று நாலு வகுத்திகள். 7க்கு 1, 7 என்று இரண்டே இரண்டு. அப்படி இரண்டே உள்ளவை பகா எண்கள். இவற்றைப் பற்றி யூக்ளிட் காலத்திலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ராமானுஜன் எதிர்த் திசையில் போனார். பகா எண்ணுக்கு நேர் எதிரி யார்? தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் வைத்திருக்கும் எண் எது? அப்படிப்பட்ட எண்களுக்கு உயர் பகு எண்கள் என்று தமிழில் பெயர் சொல்கிறார்கள்.

2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகிறது. பார்த்தவுடனே இவையெல்லாம் பழகிய முகங்களாகத் தெரிகிறதல்லவா? ஒரு டஜனுக்கு 12. நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம். நம் கணக்கிலும் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. வட்டத்துக்கு 360 பாகை. பழைய இங்கிலீஷ் பவுனுக்கு 240 பென்ஸ். பங்கு போடுகிறவன் எங்கே இருந்தாலும் இந்த எண்களிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறான், பெயர் வைக்காமலேயே.

நம் பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி, ஆக 192 தம்படி. இது உயர் பகு எண் அல்ல. ஆனாலும் 14 வகுத்திகள் உண்டு. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது ரூபாய் 100ஆக மாறியது. 100க்கு வகுத்திகள் ஒன்பதுதான். ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் முன்பு ஆளுக்கு 5 அணா 4 தம்படி, சுத்தமாக. பின்பு 33 பைசா போக ஒரு பைசா அந்தரத்தில் நிற்கும். நான் பாங்கில் சேர்ந்த காலத்தில் எங்கள் கிளையில் இருந்த மூத்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பொருமுவார்கள். தசமம் சுலபம்தான், மறுக்கவில்லை. பங்கு பிரிக்க மட்டும் அது சௌகரியமில்லை.

பிளேட்டோவுக்கும் இது தெரிந்திருந்தது. தன் முதிய வயதில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில், ஒரு நல்ல நகரத்துக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்கிறார். காரணம், நிலம் பிரிக்க, வரி போட, படை திரட்ட, எப்படி வேண்டுமானாலும் கூறு போடலாம். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும். 12ஆலும் வகுபடும். 11 மட்டும் இடக்கு செய்யும். அதற்கும் அவர் வழி சொல்கிறார், இரண்டு குடும்பத்தைக் கழித்துவிட்டால் 5038, அது 11ஆல் போகும். (அந்த இரண்டு குடும்பம் எங்கே போவது என்று கேட்கத் தோன்றுகிறது.) 5040க்கு மொத்தம் 60 வகுத்திகள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இந்த 5040ஐ மறந்துவிடாதீர்கள், பின்னால் இரண்டு முறை வரப்போகிறது.

இனி ராமானுஜன். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். அதற்கு முன்பு கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. பரீட்சை தேறாதவர். 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா கப்பலில் கிளம்பி ஏப்ரல் நடுவில் லண்டன் போய்ச் சேர்கிறார். ஆகஸ்டில் யுத்தம். டிரினிட்டி கல்லூரியின் நெவில்ஸ் கோர்ட் வளாகத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படுக்கை போட்டார்கள். லிட்டில்வுட் பீரங்கிப் படை வேலைக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஹார்டி. காய்கறி கிடைப்பதே கஷ்டமான ஊரில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, இந்த எண்களோடு உட்கார்ந்தார்.

1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில், 14ஆம் தொகுதியில், 347ஆம் பக்கம் தொடங்கி 409ஆம் பக்கம் வரை ஒரே கட்டுரை. பெயர் ‘உயர் பகு எண்கள்’, அவ்வளவுதான். 1916 மார்ச்சில் இதை ஆய்வேடாகக் கொண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழி பி.ஏ. பட்டம் கொடுத்தது.

கட்டுரையில் என்ன செய்தார்? வகுத்திகளை எண்ணுவதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். 12 = 2² × 3. அடுக்குகள் 2, 1. ஒன்று கூட்டினால் 3, 2. பெருக்கினால் 6. சரிதானே: 1, 2, 3, 4, 6, 12.

இப்போது 18ஐப் பாருங்கள். 2 × 3². இதற்கும் 6 வகுத்திகள்தான். ஆனால் 3இன் அடுக்கையும் 2இன் அடுக்கையும் இடம் மாற்றினால் 12 வந்துவிடுகிறது, அதே ஆறோடு, சின்ன எண்ணாக. ஆகவே 18 பட்டியலில் வர முடியாது. இதிலிருந்தே ஒரு விதி: உயர் பகு எண்ணில் 2இன் அடுக்குதான் பெரியது, போகப்போக அடுக்குகள் குறையலாம் அல்லது சமமாக இருக்கலாம், ஏறக் கூடாது. நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகவும் கூடாது. இதுவரை யாரும் சொல்லிவிடலாம். ராமானுஜன் மேலே போனார். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1தான், இரண்டே இரண்டு விதிவிலக்கு, 4ம் 36ம் என்று நிரூபித்தார். 2இன் அடுக்கு எவ்வளவு, 3இன் அடுக்கு எவ்வளவு என்பதற்கு மேல்வரம்பு கீழ்வரம்பு கட்டினார். சமனிலிகளைக் கையாள்வதில் அவருக்கு இருந்த கைத்திறனை ஹார்டி பிற்பாடு வியந்து எழுதியது இந்தக் கட்டுரையை வைத்துத்தான். அதே ஹார்டி, இந்த விஷயம் கணிதத்தின் பெரிய வாய்க்கால்களிலிருந்து சற்று ஒதுங்கியது என்றும் கருதினார். அது எவ்வளவு தூரம் சரி என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

பட்டியலுக்குள் சில மைல்கற்களையும் நட்டார். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று போகும் எண்கள். ஒவ்வொன்றும் முந்தையதை ஒரு பகா எண்ணால் பெருக்கினால் வருவது: 3ஆல், 2ஆல், 5ஆல், 2ஆல், 3ஆல், 7ஆல், 2ஆல், 11ஆல், 13ஆல். இவற்றை நேரடியாகக் கணக்கிட வாய்பாடு கொடுத்தார். இரண்டு மைல்கற்களுக்கு நடுவில் இருக்கும் மற்ற எண்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு வாய்பாடு கிடையாது. உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, கையால்.

அப்படிப் பிடித்த 102 எண்களை ஓர் அட்டவணையாகப் போட்டார். அதன் கடைசி எண்தான் நாம் ஆரம்பித்தது. பிரித்தால்,

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் எப்படிப் படிப்படியாக இறங்குகின்றன பாருங்கள்: 6, 4, 2, 2, பிறகு ஐந்து ஒன்றுகள். ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 32 = 10080. பத்தாயிரத்து எண்பது வகுத்திகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இவ்வளவு கிடையாது. 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் போகும். 29இல்தான் முதல் தடங்கல். 10080 என்பதே ஓர் உயர் பகு எண் என்பது கூடுதல் இனிப்பு. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள், அதே 10080 வரும். இதெல்லாம் தற்செயல்தான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி தலைப்புக்கு வருகிறேன். அந்த அட்டவணையில் 240940299600 என்று ஓர் எண் இருக்கிறது, 4800 வகுத்திகளோடு. 24,094 கோடிச் சொச்சம். அடுத்த வரியில் 321253732800, 5376 வகுத்திகள். 32,125 கோடிச் சொச்சம். நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் இருந்திருக்க வேண்டும்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 16. பெருக்குங்கள். 5040! பிளேட்டோவின் அதே எண். 4800ஐவிட அதிகம், 5376ஐவிடக் குறைவு, அளவிலும் இரண்டுக்கும் நடுவே. இது உயர் பகு எண்தான். இன்றைக்குக் கணினி போட்டுத் தரும் எல்லாப் பட்டியல்களிலும் இருக்கிறது. ராமானுஜன் பட்டியலில் இல்லை. விட்டுப்போனது இந்த ஒன்றே ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் என்ன வருகிறது? 6746328388800. அட்டவணையின் கடைசி எண்ணேதான். கடைசி எண்ணை எழுதியவர் அதன் இருபத்து மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டார்.

எப்படி விட்டுப்போயிருக்கும்? அவர் தேடிய தாள்கள் முன்னால் இல்லாமல் ஊகம்தான் செய்ய முடியும். 321253732800 ஒரு மைல்கல். முந்தைய மைல்கல் 13967553600. அதை 23ஆல் பெருக்கினால் இது. அந்த இடைவெளிக்குள் பதின்மூன்று உயர் பகு எண்கள் இருக்கின்றன, விட்டுப்போனதையும் சேர்த்து. அதில் கடைசியாக, மைல்கல்லை ஒட்டினாற்போல் நிற்பது இது. மைல்கல்லில் 23 இருக்கிறது, இதில் இல்லை. மைல்கல்லை நெருங்க நெருங்க 23 உள்ள எண்களைத்தான் கண் தேடும். அப்படித் தேடும் கண்ணுக்கு 19ஓடு நின்றுவிட்ட ஒன்று தப்பியிருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பக்கத்தின் கடைசி வரியும், கொண்டு செல்லும் தொகைக்கு முந்தைய வரியும்தான் கண்ணுக்கு அதிகம் தப்பும்.

சிலருக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதில் ஒன்று எப்படி விட்டுப்போகும் என்கிறார்கள். அவருடைய பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அவரே தாயார் அருள் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் நம் ஊரில் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் செய்த உழைப்பை மறந்துவிடுகிறோம். அறுபது பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு படியாக நிரூபணம் எழுதியிருக்கிறார். நிரூபணம் என்றால் என்னவென்றே தெரியாமல் விடையை மட்டும் எழுதுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டே, அதற்கு இந்தக் கட்டுரையே பதில். கால்குலேட்டர் இல்லை. யுத்த கால இங்கிலாந்தின் குளிரில், பன்னிரண்டு பதின்மூன்று இலக்க எண்களைக் கையால் பெருக்கி, வகுத்திகளை எண்ணி, வரிசைப்படுத்தி, 103இல் 102ஐப் பிடித்திருக்கிறார். எனக்கு அந்த விட்டுப்போன ஒன்றைப் பார்க்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது மாதிரி இருக்கிறது.

விட்டுப்போன எண்ணால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. கட்டுரையின் எந்தத் தேற்றமும் அதனால் ஆட்டம் காணவில்லை. நஷ்டம் வேறு இடத்தில் நடந்தது.

யுத்த காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக ராமானுஜன் தான் எழுதியதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார். 1927இல் ஹார்டி, சேஷு ஐயர் (கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்கு ஆசிரியராக இருந்தவர்), வில்சன் மூவரும் சேர்ந்து அவருடைய கட்டுரைகளைத் தொகுத்தபோது ஒரு குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26ஆம் தேதியே போய்விட்டார், 32 வயதில். எடுத்துவிட்ட பகுதி கேம்பிரிட்ஜில் காகிதங்களுக்குள் கிடந்தது.

அதில் என்ன இருந்தது? வகுத்திகள் எத்தனை என்று எண்ணுவதை விட்டு, வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்று பார்த்திருந்தார். அதற்கும் மைல்கல் எண்கள் உண்டு என்று கண்டிருந்தார். 1944இல் அலாவோக்லு, எர்டிஷ் என்ற இருவர் ஏறக்குறைய இதே எண்களைத் தாங்களாகவே கண்டு, பெயர் வைத்து வெளியிட்டார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை, ராமானுஜன் முப்பது வருஷம் முன்பே எழுதி வைத்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் மேலே ஒன்று. ரீமான் கருதுகோள் என்று கணிதத்தில் ஒரு பெரிய பூட்டு இருக்கிறது, 1859லிருந்து இன்றுவரை யாரும் திறக்காதது. அது உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்கள் எதற்கும் வகுத்திகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்று அந்த அச்சேறாத பக்கங்களில் ராமானுஜன் காட்டியிருந்தார்.

1984இல் கி ராபின் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதே வரம்பைப் பற்றி ஒரு தேற்றம் வெளியிட்டார். ரீமான் கருதுகோள் உண்மையென்றால் 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்கும். அப்படி எல்லாம் அடங்கினால் ரீமான் கருதுகோள் உண்மை. இரண்டும் ஒன்றுதான். 5040க்கு வகுத்திகளின் கூட்டுத்தொகை 19344, வரம்பு சுமார் 19237. தாண்டிவிட்டது. பிளேட்டோவின் நகரம் இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது, வேலிக்கு வெளியே நிற்கும் கடைசி ஆளாக.

ராமானுஜன் எழுதியிருந்த பக்கங்கள் 1988இல் ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ தொகுதியோடு கையெழுத்துப் பிரதியாகவே அச்சாயின. பிறகு நிக்கோலா என்பவரும் அதே ராபினும் சேர்ந்து, உரிய குறிப்புகளோடு ஒழுங்காகப் பதிப்பித்து, ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ‘ராமானுஜன் ஜர்னல்’ இதழின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள். அது 1997. கட்டுரையின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே 82 வருஷம். பெரிய வாய்க்காலிலிருந்து ஒதுங்கியது என்று ஹார்டி நினைத்த விஷயம், பாருங்கள், கணிதத்தின் மிகப் பெரிய வாய்க்காலில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

5040க்கு மேல் அந்த வரம்பைத் தாண்டும் எண் ஒன்றே ஒன்று யாராவது காட்டிவிட்டால் ரீமான் கருதுகோள் பொய் என்று முடிந்துவிடும். கணினிகளை வைத்து மிகப் பெரிய எண்கள் வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.